ஊர்ப் பெயரில் நிற்கும் மரங்கள்

ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டால், பதில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். அந்த மரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் குறைவு. 60 மீட்டர் உயரம்வரை வளரக்கூடிய காட்டு மரம் அது. பட்டையைக் கீறினால் நம் பால்மரத்தைப் போலவே பால் வடியும். ஒரு காலத்தில் அந்தப் பால் கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்து, சுவிங்கம் ஆனது. காட்டுக்குள் நடந்துபோய் அதைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் நம் நாட்டின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களும் இருந்தார்கள். அதன் கட்டை மென்மையானது. பென்சில் செய்ய ஏற்றது.

மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் ஜெலுத்தோங் மட்டுமா? பினாங் என்றால் பாக்கு. பக்கத்து ஊரான குளுகோர், மீன் குழம்பில் போடுகிற புளிப்பு வில்லை தரும் ஆசாம் குளுகோர் மரத்தின் பெயர். ஈப்போ, ஊதுகுழல் அம்பின் முனையில் பூர்வகுடிகள் தடவும் நஞ்சு கிடைக்கிற மரம். மலாக்கா? அது நம் நெல்லி மரம்தான். மலாய்க்காரர்கள் நெல்லியை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இப்போது வேறு சில பெயர்களைப் பாருங்கள். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த், ஆங்கிலேய ஆளுநர் ஒருவரின் பெயர். ஜோர்ஜ்டவுன், இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பெயர். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனைக்கு அதற்கு முன்பே ஒரு பெயர் இருந்தது: தஞ்சோங் பெனாகா. பெனாகா என்பது கடற்கரையில் நிழல் பரப்பி நிற்கும் மரம். தமிழில் அதற்குப் பெயர் புன்னை. நற்றிணையில் ஒரு பெண், ஒரு புன்னை மரத்தைத் தன் தங்கையாக எண்ணி, அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கப்படுகிறாள். அதே புன்னையின் பெயரில்தான் நம் நகரம் நின்றது. பெயர் மாறியதும் அந்த உறவும் நம் கண்ணில் இருந்து மறைந்துவிட்டது.

ஒரு மரத்தின் பெயர் என்பது சின்னப் பாடப் புத்தகம். இங்கே என்ன விளையும், எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது, கரை எங்கே முடிகிறது என்று அது சொல்லும். ஆளுநரின் பெயரில் அந்தப் பாடம் கிடையாது.

யாருடைய அறிவு அறிவாகிறது?

சுற்றுச்சூழல் கல்வியைப் பற்றி ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்க இப்போது இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். காடு, கடல், மண் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதெல்லாம் யாருடைய அறிவு? அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் பாடத்தில் ஆசிரியராக வருகிறார்களா, படமாக மட்டும் வருகிறார்களா? அறிஞர்கள் இதைக் ‘காலனிய நீக்கம்’ என்கிறார்கள். பெரிய சொல்தான். ஆனால் பொருள் எளியது. வெள்ளைக்காரர் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்கள் வகுத்த ‘இதுதான் அறிவு, இது வெறும் பழக்கம்’ என்ற கோடு இன்னும் நம் மண்டைக்குள் இருக்கிறது. அந்தக் கோட்டை மறுபடி பார்ப்பதுதான் காலனிய நீக்கம்.

இந்த விவாதத்துக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நம் நாட்டுச் சமூகவியலாளர் சைட் ஹுசேன் அலாத்தாஸ் 1970-களிலேயே ‘சிறைப்பட்ட மனம்’ பற்றி எழுதினார். மேற்கில் சொன்னதை அப்படியே ஒப்பித்து, தன் ஊரின் சிக்கலைத் தன் கண்ணால் பார்க்க முடியாத படிப்பாளியின் மனத்தை அப்படி அழைத்தார். 1977-இல் வந்த அவருடைய நூல், ‘சோம்பேறி மலாய்க்காரர்’ என்ற பேச்சு எப்படி உருவானது என்று ஆராய்ந்தது. தோட்டத்திலும் சுரங்கத்திலும் அடிமாட்டுக் கூலிக்கு வேலை செய்ய மறுத்தவர்களைக் காலனிய முதலாளிகள் சோம்பேறி என்றார்கள். அதே வாயால் நம் தாத்தா பாட்டிகளைக் கீழ்ப்படிதலுள்ள, மலிவான கூலிகள் என்றார்கள். இரண்டுமே தோட்டக் கணக்குப் புத்தகத்துக்காக உருவான பட்டங்கள். இரண்டு சமூகமும் அதில் கொஞ்சத்தை இன்னும் சுமக்கிறது.

நியூசிலாந்தின் மாவோரி அறிஞர் லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999-இல் எழுதிய நூல் இந்த விவாதத்தை உலகப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுபோனது. ஆராய்ச்சி என்ற பெயரில் வந்தவர்கள் தம் மக்களிடம் இருந்து எதையெல்லாம் எடுத்துப் போனார்கள் என்று அவர் கணக்குக் கேட்டார். 2011 ஜூனில் நம் பினாங்கிலேயே இதற்காக ஒரு அனைத்துலக மாநாடு நடந்தது. பல்கலைக்கழகங்களைக் காலனியப் பிடியில் இருந்து விடுவிப்பது எப்படி என்பது தலைப்பு. யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதை நடத்திய அமைப்பின் தலைவர், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல்லாண்டுகள் வழிநடத்தி 2019-இல் மறைந்த எஸ்.எம்.முகமது இத்ரிஸ். விலைவாசிக்கும் கலப்படத்துக்கும் எதிராகக் குரல் கொடுத்தவராகவே அவரைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் எதை அறிவு என்று படிக்கிறார்கள் என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

மூக்கு சொன்ன பாடம்

இதெல்லாம் மாநாட்டு அறையில் பேசித் தீர்க்கிற விஷயம்தானே என்று தோன்றலாம். அப்படி இல்லை என்பதற்கு நம் காட்டில் இருந்தே ஓர் எடுத்துக்காட்டு.

மனிதனுக்கு மூக்கு மந்தம். வாசனையைச் சொல்ல மனித மொழிகளில் சொற்கள் இல்லை என்று மேற்கத்திய அறிஞர்கள் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். நிறத்துக்குச் சிவப்பு, பச்சை என்று தனிப்பெயர் உண்டு. வாசனைக்கோ ‘வாழைப்பழம் மாதிரி’, ‘புகை மாதிரி’ என்றுதான் சொல்ல முடியும் என்றார்கள். 2014-இல் அசிஃபா மஜித், நிக்லாஸ் புரன்ஹுல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் தேடிப் போனது, தாய்லாந்து எல்லையை ஒட்டிய நம் மலைக்காட்டில் வாழும் ஜஹாய் மக்களை. ஜஹாய், ஓராங் அஸ்லியின் 18 பிரிவுகளில் ஒன்று.

ஜஹாய் மொழியில் வாசனைக்கென்றே ஏறக்குறைய ஒரு டசன் தனிச்சொற்கள் இருக்கின்றன. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம், சில மரவட்டைகள் ஆகியவற்றுக்குப் பொதுவான வாடைக்கு ஒரு சொல். பழைய வீடு, காளான், பழைய சோறு ஆகியவற்றின் வாடைக்கு இன்னொரு சொல். புலியை இழுத்துவரும் இரத்த வாடைக்கென்று தனியாக ஒரு சொல். மணம் தடவிய அட்டைகளை நீட்டியபோது ஜஹாய் மக்கள் நிறத்தைச் சொல்வதுபோல டக்கென்று சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் ஒத்துப் போயின. ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஒரே வாசனைக்கு நீட்டி முழக்கி ஆளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்.

‘மனிதர்களால் முடியாது’ என்று எழுதி வைத்திருந்தது உண்மையில் ‘எங்களைப் போன்றவர்களால் முடியாது’ என்பதுதான். நடுவில் இருந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை. நம் வீட்டுச் சமையலறையே இதைக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருக்கும். கவிச்சி, முடை, காரல், ஊசல், சிக்கு என்று எத்தனை சொற்கள்! முட்டை கழுவாத பாத்திரத்தைக் கையில் எடுத்த அடுத்த நொடியே ‘கவிச்சி அடிக்குது’ என்பார் அம்மா. அந்தச் சொல் நம் பிள்ளைகளின் வாயில் இன்னும் இருக்கிறதா?

ஒரு சொல்லும் ஒரு தீவும்

வாசனைச் சொல் போனால் ரசனைதான் போகும் என்று விட்டுவிடலாம். சில சொற்கள் போனால் உயிரே போகும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணிக்குச் சற்று முன் சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. இங்கே பினாங்கின் அடுக்குமாடிகளிலும் அந்த அதிர்வை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பேரலை நம் கரையைத் தொட்டபோது பிற்பகல் ஆகிவிட்டது. நடுவில் சில மணி நேரம் இருந்தது. ஆனாலும் நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தார்கள். விடுமுறை நாளில் கடற்கரைக்குப் போன குடும்பங்கள் அந்தக் கணக்கில் இருக்கின்றன.

அதே நாளில் நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தோனேசியாவின் சிமலூ தீவு. அங்கே அலை வர மணிக்கணக்கு ஆகவில்லை, நிமிடக்கணக்குதான். 70,000-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்.

காரணம், ‘ஸ்மொங்’ என்ற ஒரு சொல். 1907-இல் அந்தத் தீவைப் பேரலை அடித்துப் போனது. பிழைத்தவர்கள் அதைக் கதையாக்கினார்கள், பாட்டாக்கினார்கள், பிள்ளையைத் தூங்க வைக்கும்போதும் சொன்னார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் ஸ்மொங் வரும். எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. இவ்வளவுதான் பாடம். 97 ஆண்டுகள் கழித்து அதிர்வு வந்தபோது யாரோ ‘ஸ்மொங்’ என்று கத்தினார்கள், ஊரே மலையேறியது. அங்கே எச்சரிக்கைக் கருவி கிடையாது. பாட்டிதான் கருவி.

நமக்கு நேரம் இருந்தது, சொல் இருக்கவில்லை. சுற்றுச்சூழல் கல்வியில் உள்ளூர் மக்களின் அறிவுக்கு ஏன் இடம் வேண்டும் என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

தடம் படிக்கத் தெரிந்தவர்கள்

தமிழர்களிடையே இப்படிப்பட்ட அறிவாளிகள் இல்லையா? தமிழ்நாட்டின் இருளர் மக்களைப் பாருங்கள். பாம்பு பிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. முன்பு பாம்புத் தோல் வணிகத்துக்காகப் பிடித்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்த வணிகம் நின்றதும் பிழைப்புப் போனது. 1978-இல் மாமல்லபுரத்துக்கு அருகே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சில் இருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது.

2017-இல் அவர்களில் இருவர், மாசி சடையன், வடிவேல் கோபால், அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பர்மிய மலைப்பாம்புகள் பெருகிச் சதுப்புநில விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. முந்தைய ஆண்டு நடந்த ஒரு மாதப் போட்டியில் சுமார் 1,000 பேர் இறங்கிப் பிடித்தது 106 பாம்புகள். இந்த இருவரும் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். மண்ணில் படிந்த தடத்தையும் மடங்கிய புல்லையும் படிக்கத் தெரிந்தது அவர்களுடைய படிப்பு. 2023-இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. பள்ளிப் படிப்பை மட்டும் பார்த்து அளந்திருந்தால், நாம் இவர்களை எழுத்தறிவற்றவர்கள் என்று ஒரு வரியில் முடித்திருப்போம்.

அறிவை மதிப்பது ஒரு பக்கம். அதில் வரும் பயனில் பங்கு கொடுப்பது இன்னொரு பக்கம். 1987-இல் அகத்தியமலைக் காட்டுக்குப் போன விஞ்ஞானிகள் நடந்து களைத்துப் போனார்கள். வழிகாட்டிய காணி மக்களோ களைப்பே இல்லாமல் நடந்தார்கள். வழியில் ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே வந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானபோது, உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்குக் கொடுப்பதாக முடிவானது. 1997-இல் அதற்காக ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகம் பாராட்டிய ஏற்பாடு இது. ஆனாலும் எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் முதலிலேயே கேட்கவில்லை என்ற குறை எழுந்தது. கேட்பதை முதலில் செய்ய வேண்டும். கொடுப்பது அதற்குப் பிறகு.

நம் பினாங்கிலும் ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. பினாங்கு தாவரவியல் பூங்கா 1884-இல் தொடங்கியது. அந்தக் காலத்துச் செடிகளின் அறிவியல் பெயர்களில் ஐரோப்பியர்களின் பெயர்கள் ஏராளம். காட்டுக்குள் வழிகாட்டியவர், மரமேறிப் பூப் பறித்தவர், ‘இதை இதற்கு மருந்தாகப் பயன்படுத்துவோம்’ என்று சொன்ன கிராமத்து மூதாட்டி ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் காணோம். விதிவிலக்காக ஒருவர்: பூங்காவில் பணியாற்றிய முகமது ஹனிஃப். மலாய்க் கிராம வைத்தியம் பற்றி 1930-இல் வெளிவந்த நீண்ட ஆய்வில், பர்கில் என்ற ஆங்கிலேய அறிஞரின் பெயருக்குப் பக்கத்தில் ஹனிஃபின் பெயரும் ஆசிரியராக அச்சாகி இருக்கிறது. அந்தக் காலத்திலேயே அது முடிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை என்பதுதான் கேள்வி.

நாம் நிற்கும் இடம்

இங்கே மலேசியத் தமிழர்களாகிய நாம் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். இந்தக் கதையில் நமக்கு இரண்டு முகம் உண்டு.

ஒரு பக்கம், காலனியத்தால் அடிபட்டவர்கள் நாம். கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டை வெட்ட விட்டார்கள். துரை ஒரு பெயர் வைத்த தோட்டத்துக்கு நம்மவர்கள் தமிழில் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் பொன்னாங்கண்ணியும் வளர்த்தார்கள். மலாய்க்கார அக்கம்பக்கத்திடம் பூச்சுக் பாக்கு கீரையையும் பெத்தாயையும் தின்னக் கற்றார்கள். வானம் எப்படிக் கறுத்தால் இன்றைக்குப் பால்மரம் சீவ முடியாது என்று அறிந்திருந்தார்கள். இதெல்லாம் சுற்றுச்சூழல் அறிவுதான். தோட்டத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடிக்கு வந்தபோது இதை நாம் மூட்டை கட்டவே இல்லை.

மறுபக்கம், நம் கையால் வெட்டிய காடு யாருடைய வீடாகவோ இருந்தது. நம் விருப்பத்தால் நடந்ததில்லை என்றாலும் நடந்தது நடந்ததுதான். தீபகற்பத்தின் முதல் குடிகளான ஓராங் அஸ்லி மக்கள் இன்று ஏறக்குறைய 2 இலட்சம் பேர். காடு சுருங்கச் சுருங்க அவர்களுடைய அறிவுக்கு நிற்க இடம் இல்லாமல் போகிறது. யூஎஸ்எம்மில் பணியாற்றிய மானிடவியலாளர் லை டக்-போ, பகாங்கின் பத்தேக் மக்களோடு காட்டுப் பாதைகளில் நடந்து எழுதிய நூல் 2004-இல் வந்தது. அந்த மக்களுக்குப் பாதை என்பது வெறும் வழி மட்டுமல்ல. யார் எங்கே பிறந்தார், எங்கே பழம் கிடைத்தது என்ற நினைவுகளின் வரிசை. மரங்களை வெட்டி வேறு மரங்களை நட்டுவிட்டால் பச்சை திரும்பிவிடும். அந்த வரிசை திரும்பாது.

அந்த நினைவு நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக டெங்கில் அருகே தெமுவான் மக்களின் நிலம் 1995-இல் எடுக்கப்பட்டது. சகோங் தாசி என்பவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 2002-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரம் இல்லாவிட்டாலும், தலைமுறைகளாக வாழ்ந்துவந்த அந்த நிலத்தின்மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. வாய்மொழி வரலாற்றையும் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. பெரியவர்கள் சொன்ன கதை, கல்லறை இருந்த இடம், யார் நட்ட டுரியான் மரம் என்ற பேச்சு எல்லாம் ஒரு சமூகத்தின் நிலத்தைக் காப்பாற்றக்கூடிய ஆவணம் ஆகிறது. அந்தக் கதையைச் சொல்ல ஆளில்லாமல் போனால் நிலமும் போகும்.

பழையதெல்லாம் பொன்னா?

இல்லை. இதையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பாட்டி சொன்னார் என்பதற்காக எந்த மூலிகையையும் அரைத்துக் குடித்துவிட முடியாது. மூலிகையிலும் நஞ்சு உண்டு, அளவு உண்டு, ஆளுக்கு ஆள் மாறும். புலனக் குழுக்களில் ‘நம் முன்னோர்கள் அன்றே சொன்னார்கள்’ என்று சுற்றிவரும் பாதிச் செய்திகளுக்கு முன்னோர்களோடு தொடர்பே கிடையாது. பூர்வகுடிகளின் அறிவும் தவறு செய்து, திருத்தி, மறுபடி சோதித்துத் தேறிய அறிவுதான். பாம்பு பிடிக்கிறவர் தவறாகக் கணித்தால் பாம்பே மதிப்பெண் போட்டுவிடும்.

ஆகவே அறிவியலைத் தள்ளி வைக்கச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். இரண்டு அறிவும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஒன்று நாற்காலியிலும் இன்னொன்று தரையிலுமாக இருக்கக் கூடாது. சபாவில் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். ‘தகால்’ என்பது அங்குள்ள பூர்வகுடிகளின் ஆற்று ஒழுங்கு. ஆற்றில் எந்தப் பகுதியில் மீன் பிடிக்கலாம், எங்கே எவ்வளவு நாள் கூடாது என்று ஊரே கூடி முடிவு செய்யும். 2003-ஆம் ஆண்டின் சபா உள்நாட்டு மீன்வளச் சட்டம் அந்த ஊர் ஒழுங்குக்கு அங்கீகாரம் கொடுத்தது. மீன்வளத் துறை அதிகாரியும் ஊர்த் தலைவரும் ஒரே ஆற்றைச் சேர்ந்தே காக்கிறார்கள்.

நம் வீட்டில், நம் பள்ளியில்

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாப் பள்ளியிலும் சுற்றுச்சூழல் வாரம் வரும், சுவரொட்டி வரைவார்கள், மறுபயனீட்டுப் பெட்டி வைப்பார்கள். நல்லதுதான். அதோடு ஒரு மீனவரையும் வகுப்புக்கு அழைத்தால் என்ன? நிபோங் திபால் பக்கம் பினாங்கு கரையோர மீனவர் நல்வாழ்வுச் சங்கத்தினர் 1990-களில் இருந்தே கடலோரச் சதுப்பில் பாக்காவ் கன்றுகளை நட்டு வருகிறார்கள். மீன் குஞ்சு பொரிக்கும் இடம் அது என்று அவர்களுக்கு வலை சொல்லிக் கொடுத்தது. தமிழில் அந்தக் காட்டுக்கு அலையாத்தி என்று பெயர். அலையை ஆற்றும் மரம். சுனாமிக்குப் பிறகு உலகம் பேசியதை அந்தப் பெயர் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது.

பொறியியல், சட்டம், திட்டமிடல் என்று வேலை பார்க்கிற இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கடலை நிரப்பும் திட்டங்களைப் பற்றிப் பினாங்கு மீனவர்கள் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பி வருகிறார்கள். ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது, நிபுணர் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். அந்தக் கரையில் 30 ஆண்டு வலை வீசியவர் அதில் நிபுணராக இருக்கிறாரா, ‘பாதிக்கப்படுவோர்’ என்ற எண்ணிக்கையாக மட்டும் இருக்கிறாரா? 2007-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்துக்கு மலேசியாவும் ஆதரவாக வாக்களித்தது. திட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே, எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, கட்டாயப்படுத்தாமல் அந்த மக்களின் இசைவைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம்.

வீட்டில் தொடங்குவது இன்னும் எளிது. வானொலியில் ஒருவரைப் பேட்டி எடுக்கும்போது நாங்கள் முதலில் கேட்பது, “உங்க பேரு என்னங்க? பதிவு பண்ணலாங்களா?” என்பதுதான். பெயர், அனுமதி. இந்த இரண்டும் இல்லாமல் ஒலிவாங்கியைத் திறக்க மாட்டோம். எந்த ஆராய்ச்சிக்கும் இதுவே முதல் பாடமாக இருக்கலாம். கைப்பேசியில் ஒலிப்பதிவு வசதி இல்லாத வீடு இன்று இல்லை. தோட்டத்தில் வளர்ந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: “பாட்டி, மழைக்காலத்துல லயத்துக்குப் பின்னாடி என்னென்ன கீரை முளைக்கும்? எது ஆகாது? அது யாரு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?” கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு மலாய்க்கார மக்சிக்கின் பெயரோ, காட்டோரம் வாழ்ந்த ஓர் ஓராங் அஸ்லிப் பெரியவரின் பெயரோ வரலாம். நாம் கற்றது எத்தனை கைகள் மாறி வந்தது என்று அப்போது பிள்ளைக்குப் புரியும்.

பூர்வகுடிக் கிராமங்களுக்குச் சுற்றுலா போகிற குடும்பங்களும் இப்போது பெருகிவிட்டன. போகலாம். கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்காமல், ஊதுகுழலை விளையாட்டுப் பொருளாகப் பார்க்காமல், அங்கே ஒருவரிடம் ஒரு மரத்தின் பெயரையாவது கற்றுக்கொண்டு வாருங்கள். அவர் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுத்தவருக்குக் கட்டணம் உண்டென்றால் பேரம் பேசாமல் கொடுங்கள்; டியூஷன் ஆசிரியரிடம் நாம் பேரம் பேசுவதில்லையே.

அடுத்த முறை பிள்ளை பள்ளியில் இருந்து சுற்றுச்சூழல் திட்டப்பணியோடு வந்தால், இணையத்தில் இருந்து படம் இறக்கி ஒட்டுவதற்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்குங்கள். சந்தையில் மீன் விற்கும் பாக்சிக்கிடம், கோவிலில் வேப்பிலை பறித்துக் கொடுக்கும் அக்காவிடம், வீட்டில் இருக்கும் தாத்தாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தாளின் கடைசியில் ‘தகவல் தந்தவர்’ என்று ஒரு வரி விடுங்கள். அந்த வரியில் விக்கிப்பீடியாவுக்கு முன்னால் அவர்களுடைய முழுப் பெயர் இருக்கட்டும்.